பெயரை நீக்கினால் போதுமா?

கேள்வி: நீரிழிவு நோயாளிகள் 200 பேரின் முழு மரபணுத்தொகுதியை எங்கள் ஆய்வகத்தில் வாசித்திருக்கிறோம். தரவைப் பகிர்ந்தால்தான் கட்டுரை வெளிவரும் என்கிறது ஆய்விதழ். பெயர், முகவரி, மருத்துவமனை எண் எல்லாவற்றையும் எடுத்துவிட்டோம். யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளும்படி இணையத்தில் ஏற்றிவிடலாமா?
- ஆய்வு மாணவி, கோவை

பதில்: வேண்டாம். பெயரை எடுத்துவிட்டால் ஆள் மறைந்துவிடுவார் என்ற நம்பிக்கை 1990களிலேயே உடைந்துவிட்டது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் அரசு ஊழியர்களின் மருத்துவப் பதிவுகளைப் பெயர் நீக்கி ஆய்வாளர்களுக்குக் கொடுத்தார்கள். அப்போது மாணவியாக இருந்த லடான்யா ஸ்வீனி 20 டாலருக்குக் கேம்பிரிட்ஜ் நகர வாக்காளர் பட்டியலை வாங்கினார். பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு மூன்றையும் ஒப்பிட்டு, மாநில ஆளுநர் வில்லியம் வெல்டின் பதிவையே கண்டுபிடித்துவிட்டார்.

உங்களிடம் இருப்பதோ மரபணு. ஒய் குரோமோசோம் தந்தைவழி வருவது. மேல்நாட்டில் குடும்பப் பெயரும் அப்படித்தான். இதை வைத்து, பொதுவில் கிடந்த மரபணுத் தரவை வம்சாவளித் தளங்களோடு ஒப்பிட்டு, வயதையும் வசிக்கும் மாநிலத்தையும் சேர்த்துப் பார்த்து, பெயரில்லாத தன்னார்வலர்களும் உறவினர்களுமாக ஏறத்தாழ 50 பேரை அடையாளம் கண்டது 2013-இல் 'சயன்ஸ்' இதழில் வந்த ஆய்வு. இனிஷியலோடு வாழும் நமக்கென்ன என்று நினைக்கலாம். ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவர் வம்சாவளிப் பரிசோதனைக்கு எச்சில் அனுப்பும் வரைதான் அந்த நிம்மதி.

அதற்காகப் பூட்டி வைக்கவும் வேண்டாம். நோயாளிகள் ரத்தம் கொடுத்தது உங்கள் ஹார்ட் டிஸ்க்குக்காக அல்ல. ஃபரிதாபாத்தில் உள்ள இந்திய உயிரியல் தரவு மையத்தில், விண்ணப்பித்து அனுமதி பெற்றவருக்கு மட்டும் திறக்கும் பிரிவு உண்டு. அரசு நிதியில் உருவாகும் உயிரியல் தரவைச் சேமிக்கவே 2022-இல் தொடங்கிய மையம் அது. அங்கே சேர்த்து, அவர்கள் தரும் பதிவு எண்ணைக் கட்டுரையில் குறிப்பிடுங்கள். நோயாளித் தரவு என்றால் பெரும்பாலான ஆய்விதழ்கள் அதை ஏற்கும். 5 லட்சம் தன்னார்வலர்களைக் கொண்ட பிரிட்டனின் யூகே பயோபேங்க்கூட 2021-இல் கிளவுட் தளம் அமைத்து, ஆய்வாளர்கள் தரவு இருக்கும் இடத்துக்கே வந்து கணக்கிடும் வழிக்கு மாறியிருக்கிறது. எனக்கு அதுவே சரியாகப் படுகிறது. ஓர் ஆளின் மூலக் கோப்புகளே சுமார் 100 ஜிபி. 200 பேருக்கு 20 டெராபைட். அதை ஊர் ஊராகப் பிரதி எடுப்பதில் பாதுகாப்பும் இல்லை, சிக்கனமும் இல்லை.

இதற்கெல்லாம் முன்னால் ஒப்புதல் படிவத்தை எடுத்துப் பாருங்கள். 'இந்த ஆய்வுக்கு மட்டும்' என்று கையெழுத்து வாங்கியிருந்தால், நெறிமுறைக் குழுவிடம் போகாமல் ஒரு கோப்பையும் நகர்த்தாதீர்கள்.

கடைசியாக, மரபணுப் பட்டியலை எக்செலில் வைத்திருக்கிறீர்களா? செப்டின் 2 மரபணுவின் பழைய குறியீட்டை அது செப்டம்பர் 2 என்று தேதியாக மாற்றிவிடும். இந்தத் தொல்லையால் 2020-இல் மரபணுக்களுக்குப் பெயர் சூட்டும் குழுவே இப்படிப்பட்ட குறியீடுகளை மாற்றியது. ஏற்றும் முன் மரபணுக் குறியீடுகள் உள்ள நெடுவரிசையை ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுங்கள்.