எதுவரை போய் நின்றது?

அன்புள்ள தம்பிக்கு,

நேற்றிரவு நீ கூப்பிட்டபோது கடையைச் சாத்திவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டிருந்தேன். "அண்ணா, எல்லாம் மாட்டிட்டேன், ஆன் ஆகல" என்றாய். குரலே சரியில்லை. தெரிந்த ஒரு ஆசிரியர் மகளின் படிப்புக்காக உன்னை நம்பிக் கொடுத்த பணம். ரிச்சி தெருவுக்கு வந்து கடை கடையாக ஏறி இறங்கி நீ வாங்கிப்போன பாகங்கள். முதல் முறையாக முழுசாக நீயே பூட்டிய கம்ப்யூட்டர். பொத்தானை அழுத்தித் திரை கறுப்பாகவே இருந்தால் வயிறு கலங்கத்தான் செய்யும். எனக்கும் கலங்கியிருக்கிறது.

நான் மூன்று கேள்வி கேட்டேன். ஃபேன் சுற்றுகிறதா? போர்டில் எந்த இடத்திலாவது விளக்கு எரிகிறதா? கீபோர்டில் நம்லாக் வேலை செய்கிறதா? ஃபேன் சுற்றுகிறது என்றாய். மற்ற இரண்டையும் பார்க்கவில்லை என்றாய். அதற்குள் "போர்டு டெட்டா இருக்குமோ அண்ணா, மாத்திக் கேட்கட்டுமா?" என்றும் கேட்டுவிட்டாய். அந்தக் கேள்விதான் என்னை இந்தக் கடிதத்தை எழுத வைத்தது.

"ஆன் ஆகல" என்பது நோயின் பெயர் இல்லை, தம்பி. "உடம்பு சரியில்லை" என்று சொல்வதைப் போன்றது அது. வைத்தியர் அந்த ஒரு வார்த்தையைக் கேட்டு மருந்து கொடுப்பாரா? ஒரு கம்ப்யூட்டர் பொத்தானை அழுத்தியதிலிருந்து திரையில் எழுத்து வரும்வரை படிப்படியாகப் போகிறது. ஒவ்வொரு படியும் அதற்கு முந்தைய படி சரியாக இருந்தால்தான் நடக்கும். அதனால் நீ கேட்க வேண்டிய கேள்வி "எது கெட்டுப்போச்சு?" இல்லை. "எதுவரை போய் நின்றது?" என்பதுதான். இருபத்தைந்து வருஷத் தொழிலில் எனக்கு உருப்படியாகக் கைவந்த ஒரே கேள்வி அது.

முதல் படி சுவரில் இருக்கிறது. பிளக்கைச் செருகி, மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸின் பின்னால் உள்ள சுவிட்சைப் போட்டதுமே, நீ பொத்தானைத் தொடாமலே, ஊதா வயரில் 5 வோல்ட் வந்துவிடும். கம்ப்யூட்டர் தூங்கும்போதும் விழித்திருக்கிற மின்சாரம் அது. மல்டிமீட்டரை வைத்துப் பார். அது இல்லை என்றால் பிளக்கிலோ பவர் கார்டிலோ எஸ்எம்பிஎஸ்ஸிலோ தேடு. பிராசசரைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். அது இருந்து, பொத்தானை அழுத்தியும் எதுவுமே அசையவில்லை என்றால் பொத்தானைச் சந்தேகப்படு. கேபினெட்டின் பவர் சுவிட்ச் வயரைக் கழற்றிவிட்டு, போர்டில் அந்த இரண்டு பின்னையும் ஸ்குரூடிரைவர் முனையால் ஒரு நொடி தொட்டு எடு. ஓடினால் குற்றவாளி போர்டு இல்லை, கேபினெட் சுவிட்ச்.

பொத்தானை அழுத்தும்போது போர்டு செய்வது ஒரே வேலைதான்: பச்சை வயரைத் தரையோடு, அதாவது கறுப்பு வயரோடு, சேர்க்கிறது. அதுதான் எஸ்எம்பிஎஸ்ஸுக்கு "எழுந்திரு" என்கிற சொல். எஸ்எம்பிஎஸ் எழுந்து, 12, 5, 3.3 வோல்ட் மூன்றும் நிலைப்பட்ட பிறகு, சாம்பல் நிற வயர் வழியாக "எல்லாம் சரி" என்று பதில் சொல்லும். அதற்கு 100 முதல் 500 மில்லி நொடி ஆகலாம். அந்தப் பதில் வரும்வரை போர்டு பிராசசரை ஓட விடாது. எஸ்எம்பிஎஸ்ஸைத் தனியாகச் சோதிக்க வேண்டுமானால் போர்டிலிருந்து முழுசாகக் கழற்றிவிட்டு, பச்சையையும் ஏதாவது ஒரு கறுப்பையும் சின்ன வயரால் இணை. எல்லா வயரும் கறுப்பாக வருகிற புது ரகமாக இருந்தால் பச்சை இருக்க வேண்டிய இடம் 16ஆம் பின். ஆனால் ஃபேன் சுற்றிவிட்டது என்பதற்காக எஸ்எம்பிஎஸ் நல்லது என்று எழுதிக் கொடுத்துவிடாதே. 12 வோல்ட் வருகிற மஞ்சள் வயரில் 11.4க்குக் குறையாமலும் 12.6க்கு மேல் போகாமலும் இருக்கிறதா என்று அள. சுமை இல்லாதபோது ஒழுங்காக இருந்து, சுமை ஏறியதும் விழுந்துவிடுகிற எஸ்எம்பிஎஸ்கள் ஏராளம். மட்டமான எஸ்எம்பிஎஸ் வாங்கி மிச்சம் பிடிக்கிறவர்கள் மேல் எனக்கு இன்றுவரை கோபம் தீரவில்லை.

இனி உன் கதைக்கு வருகிறேன். ஃபேன் சுற்றுகிறது, டிஸ்ப்ளே வரவில்லை. நம் தொழிலில் அதிகம் பேர் ஏமாறுகிற இடம் இதுதான். ஃபேன் சுற்றினால் "பவர் வந்துவிட்டது" என்று நினைத்துக்கொள்கிறோம். ஃபேனுக்கு வந்தது பிராசசருக்கு வந்ததா? பிராசசருக்குச் சோறு வேறு வழியில் வருகிறது. போர்டின் மேல் இடது மூலையில், கூலருக்கும் கேபினெட் சுவருக்கும் நடுவில் ஒளிந்திருக்கும் எட்டு பின் சாக்கெட்டைப் பார்த்தாயா? அங்கே வருகிற 12 வோல்ட்டைத்தான் பக்கத்தில் வரிசையாக நிற்கும் சின்னக் கறுப்புச் சதுரங்கள் ஒரு வோல்ட்டுக்குப் பக்கமாக இறக்கிப் பிராசசருக்கு ஊட்டுகின்றன. 65 வாட் பிராசசர் 1.2 வோல்ட்டில் ஓடினால் 50 ஆம்பியருக்கு மேல் கரண்ட் தேவை என்று நீயே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். 24 பின் பெரிய கனெக்டரை மட்டும் மாட்டிவிட்டு இதை மறந்தால் ஃபேன் சுற்றும், விளக்கு எரியும், பிராசசர் மட்டும் பட்டினி கிடக்கும்.

இன்னொன்று. கிராபிக்ஸ் கார்டுக்குப் போகிற எட்டு பின் வயரும் பார்வைக்கு இதைப் போலவே இருக்கும். பிராசசர் வயர் நாலு நாலாகப் பிரியும். கார்டு வயர் ஆறும் இரண்டுமாகப் பிரியும். இரண்டிலும் 12 வோல்ட்டும் தரையும் நேர் எதிர்ப் பக்கங்களில் இருக்கின்றன. தானாக உள்ளே போகவில்லை என்றால் அழுத்திச் செருகாதே. அதேபோல ஒரு எஸ்எம்பிஎஸ்ஸோடு வந்த கழற்றி மாட்டும் வயரை வேறு கம்பெனி எஸ்எம்பிஎஸ்ஸில் மாட்டாதே. முனை பொருந்தும், உள்ளே பின் வரிசை மாறியிருக்கும். ஒரே ஒரு முறை போட்டால் போதும், ஹார்ட் டிஸ்க்கும் அதில் இருந்த கல்யாணப் படங்களும் போய்விடும்.

வயர்கள் சரி என்று தெரிந்த பிறகும் வரவில்லையா? எல்லாவற்றையும் வெளியே எடு. சோம்பல் படாதே. போர்டு வந்த அட்டைப்பெட்டியின் மேல் போர்டை வை. பிராசசர், கூலர், ஒரே ஒரு ரேம், எஸ்எம்பிஎஸ், போர்டிலிருந்து திரை வராத பிராசசர் என்றால் கிராபிக்ஸ் கார்டு. வேறு எதுவும் வேண்டாம். ரேமைப் பிராசசரிலிருந்து எண்ணினால் இரண்டாவதாக வரும் சிலாட்டில் போடு. நாலு சிலாட் போர்டுகளில் ஒற்றை ரேமுக்குப் பெரும்பாலும் அதுதான் இடம். போர்டோடு வந்த புத்தகத்தில் படம் போட்டிருப்பான், பார்த்துக்கொள். இரு முனையிலும் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று கட்டைவிரலால் அழுத்திப் பார். புது ரேம் பாதிதான் இறங்கியிருந்து பார்வைக்கு முழுசாக உட்கார்ந்தது போலத் தெரிவது அன்றாடக் கதை.

இப்படி வெளியே எடுத்து வைத்தபோது ஓடி, கேபினெட்டுக்குள் போனதும் செத்துப்போகிற போர்டு ஒன்று எனக்கு வந்தது. மூன்று முறை ஏற்றி இறக்கினேன். வெளியே ஓடும், உள்ளே அசையாது. நாலாவது முறை போர்டை எடுத்துவிட்டு, டார்ச் அடித்துக் கேபினெட்டின் உள் தகட்டை மட்டும் பார்த்தேன். போர்டைத் தகட்டிலிருந்து தூக்கி நிறுத்தப் பித்தளைத் தாங்கிகள் இருக்குமே, அதில் ஒன்று கூடுதலாக இருந்தது. பெரிய போர்டுக்காக முன்பு போட்டது. இப்போதைய சின்ன போர்டுக்கு அந்த இடத்தில் ஓட்டையே இல்லை. போர்டைத் திருப்பிப் பார்த்தால் அதே இடத்தில், பச்சை வார்னிஷின் மேல், பித்தளை உரசிய அறுகோணத் தடம் அச்சுப்போல விழுந்திருந்தது. அதன் நடுவே இரண்டு சால்டர் புள்ளிகள். திருகித் தாங்கியை எடுத்தேன், போர்டு ஓடியது. அன்றிலிருந்து போர்டை உள்ளே வைக்கும் முன் தாங்கிகளை ஒவ்வொன்றாக விரல் வைத்து எண்ணுகிறேன். நீயும் எண்ணு.

மேசையில் வைத்தும் ஓடவில்லை என்றால் போர்டு பேசுவதைக் கேள். 1981இல் ஐபிஎம் பிசி வந்த காலத்திலிருந்தே இயந்திரம் தன்னைத்தானே சோதித்துக்கொண்டு குறையைச் சொல்லும் வழக்கம் இருக்கிறது. முன்பு பெரும்பாலான கேபினெட்டுகளில் சின்ன ஸ்பீக்கர் வரும், இப்போது பெரும்பாலும் தருவதில்லை. தனியாக ஒன்று வாங்கிப் பையில் போட்டுக்கொள், ஒரு வேளை டிபன் காசுகூட ஆகாது. போர்டில் ஸ்பீக்கர் பின் இருந்தால் மாட்டு. எத்தனை பீப், எது நீளம், எது குறுக்கம் என்று எழுதிக்கொண்டு போர்டின் புத்தகத்தோடு ஒப்பிடு. போர்டை எழுப்புகிற பயாஸ் மென்பொருள் ஒவ்வொன்றுக்கும் மொழி வேறு. பல புது போர்டுகளில் சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்று நாலு குட்டி விளக்குகள் இருக்கின்றன. எது அணையாமல் நிற்கிறதோ அதுவரைதான் வந்திருக்கிறது. கேட்ட கேள்விக்கு இயந்திரமே பதில் சொல்கிறது, பார்.

பொறுமையும் வேண்டும். டிடிஆர்5 ரேம் போட்ட போர்டு முதல் முறை எழும்போது ரேமைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிஷம்கூட எடுக்கும். அதற்குள் பயந்து அணைத்து அணைத்துப் போடுகிறவர்கள் அது எழவே வழி விடுவதில்லை. பிராசசர் புதிது, போர்டு கடையில் ரொம்ப நாள் கிடந்தது என்றால் பயாஸ் பழசாக இருக்கும். 2018இல் ஏஎம்டி 2400ஜி போன்ற சில்லுகளை வெளியிட்டபோது பழைய பயாஸ் உள்ள போர்டுகள் அவற்றை அடையாளமே காணவில்லை. புது பயாஸை ஏற்றிக்கொள்வதற்காக அந்தக் கம்பெனியே வாடிக்கையாளருக்கு ஒரு பழைய பிராசசரை இரவல் கொடுத்து வாங்கியது. இரண்டு பாகமும் நல்லதாகவே இருந்து, ஒன்றுக்கொன்று அறிமுகம் ஆகாமல் நிற்பதும் உண்டு.

இப்போது நான் சொல்லக் கூசுகிற ஒன்று. தொழிலுக்கு வந்த மூன்றாம் வருஷம், பிரவுசிங் சென்டர் வைத்திருந்த ஒருவர் ஒரு கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார். நோ டிஸ்ப்ளே. அன்று கடையில் கூட்டம். ரேமைக் கழற்றி ரப்பரால் தேய்த்து, அதே சிலாட்டில் திரும்பப் போட்டேன், வரவில்லை. "போர்டு டெட் சார்" என்றேன். அவர் கடன் வாங்கிப் புது போர்டு வாங்கினார், மாட்டிக் கொடுத்தேன், ஓடியது. பழையதைக் கடையிலேயே விட்டுப் போனார். ஒரு வாரம் கழித்து ஓய்வாக இருந்த இரவில் அந்தப் போர்டை விளக்குக்குக் கீழே சாய்த்தேன். ரேம் சிலாட்டின் அடியில், பொன் நிறப் பல்வரிசைக்கு நடுவே, காய்ந்து போன ஒரு எறும்பு. பிரஷ் முனையால் தட்டி எடுத்தேன். போர்டு முதல் அழுத்தலிலேயே எழுந்தது.

மறுநாள் காலை புது போர்டின் பணத்தை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். உள்ளதைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "அன்னிக்கே கொஞ்சம் பார்த்திருக்கலாமே, தம்பி" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அந்த வார்த்தை இன்னும் என் காதில் இருக்கிறது. "டெட்" என்பது தீர்ப்பு. அதைச் சொல்ல நமக்கு உரிமை வருவது, நல்லது என்று தெரிந்த ரேம், நல்லது என்று தெரிந்த எஸ்எம்பிஎஸ், முடிந்தால் நல்ல பிராசசர், மூன்றையும் அந்தப் போர்டில் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுப் பார்த்த பிறகுதான். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. இரண்டை மாற்றி ஓடிவிட்டால் எது சரியானது என்று உனக்கே தெரியாது. அடுத்தவர் காசில் நீ ஊகம் செய்தவன் ஆகிவிடுவாய். தெரியவில்லை என்றால் "இன்னும் கண்டுபிடிக்கல, நாளைக்குச் சொல்றேன்" என்று சொல். அப்படிச் சொன்னதற்காக யாரும் என்னைவிட்டுப் போனதில்லை.

உன் உயிரைப் பற்றியும் ஒரு வார்த்தை. எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் திறக்காதே. நம் 230 வோல்ட் உள்ளே போய் 320 வோல்ட்டுக்கு மேல் டிசியாகப் பெரிய கெபாசிட்டரில் தங்கியிருக்கும்; பிளக்கைப் பிடுங்கிய பிறகும் இருக்கும். கேபினெட்டைத் தொட்டால் விர்ரென்று இழுக்கிறது என்றால் அந்த வீட்டில் எர்த் இல்லை. முதலில் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடச் சொல். எந்தப் பாகத்தைக் கழற்றும் முன்னும் பிளக்கை எடுத்துவிட்டு, பவர் பொத்தானை ஒரு முறை அழுத்தி மிச்ச மின்சாரத்தை இறக்கு.

நீ வாங்கியது 12400எஃப் என்று நேற்றுச் சொன்னாய். கடைசியில் உள்ள அந்த எஃப்புக்கு அர்த்தம், அந்தப் பிராசசருக்குள் கிராபிக்ஸ் கிடையாது என்பது. மானிட்டர் கேபிளை நீ போர்டின் பின்னால் செருகியிருந்தால், இயந்திரம் முழுசாக எழுந்து உனக்காகக் காத்திருந்தாலும் உன் திரை கறுப்பாகத்தான் இருக்கும். அதனால்தான் நம்லாக் வேலை செய்கிறதா என்று கேட்டேன்; செய்தால் இயந்திரம் எழுந்துவிட்டது என்று அர்த்தம்.

விடிந்ததும் முதலில் அந்தக் கேபிள் கிராபிக்ஸ் கார்டில் இருக்கிறதா என்று பார். அடுத்து எட்டு பின். பிறகு ரேம். கூலரைக் கழற்றிப் பிராசசரைத் தூக்குவது எல்லாவற்றுக்கும் கடைசி. அந்தச் சாக்கெட்டில் 1700 பின் நிற்கிறது, ஒன்று வளைந்தாலும் போர்டு போய்விடலாம். பார்த்ததை ஒரு தாளில் எழுதிக்கொண்டு கூப்பிடு. ஆசிரியரிடம் இன்னும் ஒரு நாள் கேட்டு வாங்கிக்கொள், கொடுப்பார். நான் ஆறு மணிக்கே எழுந்துவிடுவேன்.

அன்புடன்,
அண்ணன்