ஓவன் வேண்டாம், ஆரஞ்சு மணம் வேண்டும்: சமையல் கேள்வி-பதில்

கேள்வி: மகனுடைய பள்ளியில் டிசம்பரில் 'குக்கீ பரிமாற்றம்' வைக்கிறார்கள். வீட்டுக்கு ஒரு வகை செய்து கொண்டுபோக வேண்டுமாம். எனக்கு ஓவன் கைவராது. பிஸ்கட் தூளில் ஆரஞ்சைப் பிழிந்து உருட்டிப் பார்த்தேன். உருண்டை கையோடு ஒட்டிக்கொண்டதுதான் மிச்சம். ஆரஞ்சு வாசனையே இல்லை. எங்கே தப்பு?
– ஒரு வாசகி, நியூ ஜெர்சி

பதில்: சாற்றை நம்பியதுதான் தப்பு. ஆரஞ்சுச் சாற்றில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். மணத்தில் பெரும்பகுதி தோலில் இருக்கிறது. தோலின் மேல் தெரியும் புள்ளிகள் ஒவ்வொன்றும் ஒரு எண்ணெய்ப் பை. அந்த எண்ணெயில் பெரும்பகுதி லிமோனீன். தோல் துண்டை எரியும் மெழுகுவத்திக்கு அருகில் மடக்கிப் பிழிந்தால் சடசடவென்று பொறி பறக்கும். பீய்ச்சியடிக்கும் அந்த எண்ணெய்தான் குக்கீக்குள் போக வேண்டியது.

அமெரிக்க வீடுகளில் கிறிஸ்துமஸுக்குச் சுடாமல் செய்யும் 'ஆரஞ்சு பால்ஸ்' இந்தத் தண்ணீர்ச் சிக்கலை வேறு வழியில் தீர்த்தது. அதில் பிழிந்த சாறு சேராது. உறைய வைத்த அடர்சாறு டப்பாதான் சேரும். அந்த டப்பாவுக்கே ஒரு கதை உண்டு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ராணுவ வீரர்களுக்கு வைட்டமின் சி வேண்டியிருந்தது. ஆனால் சாற்றைச் சூடாக்கிச் சுண்டவைத்தால் மணம் ஆவியோடு போய், வெந்த வாடை வந்துவிடும். ஃபுளோரிடாவில் மெக்டொவல், மூர், அட்கின்ஸ் என்ற மூன்று விஞ்ஞானிகள் வெற்றிடத்தில் குறைந்த சூட்டில் சாற்றைத் தேவைக்கு மேலேயே சுண்டவைத்து, பிறகு கொஞ்சம் புதுச் சாற்றை அதில் திரும்ப ஊற்றினார்கள். போன மணம் திரும்பி வந்தது. அதற்குள் போர் முடிந்துவிட்டது. பலன் கண்டது வீட்டுச் சமையலறைகள்தான். அவர்களுக்குக் காப்புரிமை கிடைத்தது 1948-இல்.

இனி அளவு. வெனிலா வேஃபர் பிஸ்கட் சுமார் 340 கிராம், ஐசிங் சர்க்கரை 450 கிராம், உருக்கிய வெண்ணெய் ஒரு கட்டி (113 கிராம்), உறைநிலை நீங்கிய அடர்சாறு 177 மில்லி, பொடியாக நறுக்கிய பெக்கான் பருப்பு ஒரு கப். கடைகளில் இப்போது அதிகம் கிடைப்பது 355 மில்லி டப்பா. அதில் பாதி போதும். இதோடு இரண்டு ஆரஞ்சின் தோல் துருவல் சேர்ப்பது நல்லது. பழைய குறிப்புகள் பலவற்றில் இது இல்லை. இல்லாததால்தான் பல வீட்டு ஆரஞ்சு பால்ஸ் வெறும் இனிப்பு உருண்டையாக நின்றுவிடுகிறது.

துருவலில் கவனம் தேவை. கடைப் பழத்தில் பெரும்பாலும் மெழுகுப் பூச்சு இருக்கும். வெந்நீரில் தேய்த்துக் கழுவி, ஈரம் போகத் துடைக்க வேண்டும். ஆரஞ்சு நிறம் மட்டும் வரும்படி துருவ வேண்டும். வெள்ளை எட்டிப்பார்த்தால் அந்த இடத்தை விட்டுவிட வேண்டும், அது கசக்கும். துருவலை ஒரு பிடி சர்க்கரையோடு விரல் நுனியால் இரண்டு நிமிடம் நசுக்கினால் சர்க்கரை ஈரமாகி இலேசாக மஞ்சளிக்கும். எண்ணெய் இறங்கிவிட்டது என்று பொருள்.

பிறகு எல்லாவற்றையும் பிசைந்து அரைமணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, ரவா லட்டு பிடிப்பதுபோலச் சிறிதாகப் பிடித்து, உலர்ந்த தேங்காய்த் துருவலில் புரட்டினால் ஐம்பது உருண்டைக்குக் குறையாது. ஒட்டினால் பிஸ்கட் தூள் இன்னும் கொஞ்சம். முதல் நாள் தித்திப்புத் தூக்கலாக இருக்கும். மறுநாள் பிஸ்கட் ஈரத்தை இழுத்துக்கொண்டபின் சுவை சமனாகும். ஆகவே விழாவுக்கு முந்தின நாளே செய்வது உத்தமம்.

அடர்சாறு கிடைக்காவிட்டால் 700 மில்லி சாற்றைக் கால் பங்காகச் சுண்டவைக்கலாம். மணம் போகத்தான் செய்யும். துருவல் அதை மீட்டுத் தரும்.

இரண்டு எச்சரிக்கை. பள்ளிக்கு என்பதால் கொட்டைப் பருப்பு சேர்க்கலாமா என்று ஆசிரியரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளவும். 'நில்லா' என்ற பெயரில் விற்கும் வெனிலா வேஃபரில் முட்டை உண்டு. சைவக் குடும்பங்கள் கிரஹாம் கிராக்கர் வாங்கலாம், அதிலும் அட்டையைப் படித்துவிட்டு.

கேள்வி: சுடாத குக்கீக்குப் பிஸ்கட்டுக்குப் பதில் மைதாவையே சேர்த்தால் என்ன?
– ஒரு வாசகர், டொராண்டோ

பதில்: கூடாது. மைதா பச்சை மாவு. கிருமியைக் கொல்லும் எந்தப் பக்குவமும் செய்யாமல்தான் பெரும்பாலும் பைக்குள் வருகிறது. 2016-இல் அமெரிக்காவில் ஈ. கோலை கிருமியால் பலர் நோயுற்று, ஜெனரல் மில்ஸ் நிறுவனம் தன் மாவைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது. பிஸ்கட் ஏற்கெனவே ஓவனில் வெந்தது என்பதால் அந்தக் கவலை இல்லை.

கேள்வி: இங்கே கிறிஸ்துமஸ் கொளுத்தும் கோடையில் வருகிறது. ஓவனை நினைத்தாலே வியர்க்கிறது. எலுமிச்சையில் ஏதாவது சொல்லுங்களேன்.
– ஒரு வாசகி, சிட்னி

பதில்: பக்கத்து வீட்டிலேயே கேட்கலாம், ஆஸ்திரேலியப் பாட்டிகளின் 'லெமன் ஸ்லைஸ்' இதற்கென்றே பிறந்தது. மேரி பிஸ்கட் 250 கிராம் பொடித்து, உலர்ந்த தேங்காய்த் துருவல் ஒரு கப், ஒரு எலுமிச்சையின் தோல் துருவல் சேர்க்கவும். அரை டின் கண்டென்ஸ்டு மில்க்கை 125 கிராம் வெண்ணெயோடு இளஞ்சூட்டில் கரைத்து ஊற்றிக் கிளறி, தாள் விரித்த தட்டில் அழுத்திப் பரப்பிக் குளிரவைக்க வேண்டும். (மேரி பிஸ்கட் 1874-இல் லண்டனில் ஒரு ரஷ்ய இளவரசியின் திருமணத்துக்காகச் சுட்டது. இன்று அவரை மறந்தவர்கள்கூடத் தினமும் தேநீரில் தோய்க்கிறார்கள்.)

சாறு அடிப்பகுதியில் வேண்டாம், மேற்பூச்சில்தான். ஒன்றே முக்கால் கப் ஐசிங் சர்க்கரையில் மூன்று மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு, ஒரு சிறு துண்டு வெண்ணெய். சாற்றை ஒரேயடியாக ஊற்றினால் பூச்சு ஓடிவிடும். கரண்டி கரண்டியாக ஊற்றிக் கலக்கவும். பூச்சு இறுகியதும் கத்தியை வெந்நீரில் நனைத்து, துடைத்து, விரலிரண்டு அகலத்துக்கு வெட்டவும். பெரிய துண்டாகப் போட்டால் பாதியிலேயே திகட்டும்.