வடித்த நீரும் வயலில் இட்ட உரமும்

இல்லறத்தார்க்குரிய ஒழுக்கங்களுள் நீரை வடித்துப் பருகுதல் தலையாய ஒன்றாகும். இரட்டையாக மடித்த தூய துணியில் நீரை வடித்து, துணியில் தங்கிய நுண்ணுயிர்களை அந்நீரை முகந்த கிணற்றிலேயே மெல்லச் சேர்ப்பித்தல் நம் முன்னோர் வழக்கம். ஒரு கிணற்றின் உயிர்களை வேறொரு கிணற்றில் விடுவதும் ஆகாது என்னும் அளவுக்கு நுட்பம் உடையது அது. நீரையே உடலாகக் கொண்ட அப்புகாய ஜீவன்கள் ஒருபுறம், அந்நீரில் வாழும் பிற உயிர்கள் மற்றொருபுறம் என இருதிறத்து உயிர்களையும் கருதி வகுக்கப்பட்ட ஒழுக்கம் இது.

வந்தவாசி, செய்யாறு, திண்டிவனம் வட்டாரங்களில் வாழும் சிராவகக் குடும்பங்கள் பல வழிவழியாக உழவைத் தொழிலாகக் கொண்டவை. ஆதிபகவன் கற்பித்தருளிய அறுதொழில்களுள் கிருஷியும் ஒன்றன்றோ? ஆகவே, நம் வயலில் இடும் உரம் நம் கிணற்று நீரை என்ன செய்கிறது என்று ஆராய்வது நமக்கு உரிய கடமையே.

யூரியாவின் நூறு பங்கில் 46 பங்கு தழைச்சத்து. 45 கிலோ மூட்டை ஒன்றில் ஏறத்தாழ 21 கிலோ தழைச்சத்து அடங்கும். வயலில் தூவிய யூரியா சில நாட்களில் அம்மோனியமாக மாறுகிறது. அம்மோனியத்தைக் களிமண் பற்றி வைத்துக்கொள்ளும். பின்னர் நீர் வடிந்து மண்ணுள் காற்றுப் புகும்போது, மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் அதனை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. களிமண் துகள்களைப் போலவே நைட்ரேட்டும் எதிர்மின்னூட்டம் உடையது. எனவே மண்ணால் அதனைப் பற்ற இயலாது. அது நீரோடு நீராய்க் கீழிறங்கிக் கிணற்றின் ஊற்றைச் சென்றடைகிறது. நெற்பயிர் தனக்கு இட்ட தழைச்சத்தில் பாதிக்கும் குறைவாகவே பெரும்பாலும் உட்கொள்கிறது. மீதியில் ஒரு பகுதி காற்றில் கலக்கிறது. ஒரு பகுதி மண்ணில் தங்குகிறது. எஞ்சியது நீரில் கரைந்து போகிறது.

இந்திய தர நிர்ணயத்தின்படி குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் இருத்தல் கூடாது. ஒரு கிலோ தழைச்சத்து முழுவதும் நைட்ரேட்டாக மாறினால் சுமார் 4.4 கிலோ நைட்ரேட் ஆகும். அது ஏறத்தாழ ஒரு லட்சம் லிட்டர் தூய நீரை இவ்வெல்லைக்குக் கொண்டுவந்து நிறுத்தப் போதுமானது. ஏக்கருக்கு மூன்று மூட்டை போட்ட இடத்தில் நான்காவது மூட்டையையும் போட்டு வைப்போம் என்று எண்ணும் உழவர் இக்கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்தல் நலம்.

நைட்ரேட் துணியில் தங்காது. உப்பைப் போல் நீரில் கரைந்திருப்பது அது. நம்மில் பலரும் நோன்பு நாட்களிலும், துறவியர் எந்நாளும், காய்ச்சிய நீரையே பருகுகின்றனர். காய்ச்சுவதாலும் நைட்ரேட் நீங்குவதில்லை. நீர் ஆவியாகிக் குறைய, எஞ்சிய நீரில் அதன் செறிவு சற்று மிகுகிறது. ஆறு மாதம் நிரம்பாத குழந்தைகளுக்கு இது பெருந்தீங்கு. குருதியானது பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலை இழந்து, குழந்தையின் மேனி நீலம் பாரிக்கும். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஹண்டர் காம்லி என்னும் மருத்துவர் இந்நோய்க்கும் கிணற்று நீருக்கும் உள்ள தொடர்பை 1945ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டினார்.

மணிச்சத்தின் வழி வேறு. அது மண் துகளோடு ஒட்டிக்கொள்ளும். மழைநீர் அரித்துச் செல்லும் வண்டலோடு சேர்ந்து ஏரியை அடையும். அங்கே பாசி பெருகி நீர் பச்சைக் குழம்பாகிறது. பகலில் பிராணவாயுவை வெளியிடும் பாசி, இரவில் அதனை உட்கொள்கிறது. மடிந்த பாசியை அழுகச் செய்யும் நுண்ணுயிர்களும் அதனையே உட்கொள்கின்றன. விடியற்காலையில் மீன்கள் நீரின் மேற்பரப்பில் வாய் திறந்து தவிப்பதன் காரணம் இதுவே. ஈரறிவுப் புழு முதல் ஐயறிவு மீன் வரை எத்தனை உயிர்கள்! வலை வீசாதவர் கையாலும் அவை மடிகின்றன.

பாசியிற் சில வகை நஞ்சையும் சுரக்கும். 2014ஆம் ஆண்டு ஆகஸ்டில், அமெரிக்காவின் ஈரி ஏரியில் பெருகிய பாசியின் நஞ்சு டொலிடோ நகரின் குடிநீரில் கலந்தது. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் குழாய் நீரைப் பருகலாகாது என்று தடுக்கப்பட்டனர். காய்ச்சினால் நஞ்சு செறியும் என்பதால், காய்ச்சவும் வேண்டா என்று எச்சரிக்கப்பட்டனர். அந்த ஏரிக்கு வந்த மணிச்சத்தின் பெரும்பகுதி சுற்றியிருந்த வயல்களிலிருந்து வந்ததே. இந்நிலையை மாற்ற இயலுமோ எனின், இயலும். டென்மார்க் நாடு 1987 முதல் சட்டங்கள் இயற்றி, ஒவ்வொரு பண்ணையும் உரக்கணக்கு வைத்தல் வேண்டும், பயிர் இல்லாத பருவத்தில் சாணத்தைச் சேமித்தல் வேண்டும் என்றெல்லாம் விதிகள் செய்தது. சுமார் பதினைந்து ஆண்டுகளில் வயல்களிலிருந்து கசியும் தழைச்சத்து ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது.

உழவில் நேரும் உயிர்க்கேட்டைத் தொழில் பற்றிய ஹிம்சை என்று நூலோர் வேறு பிரித்தனர். இல்லறத்தார் அதனை முற்றும் விடல் அரிது. ஆனால் பயிர் உண்ணாத உரத்தால் விளையும் கேடு தொழிலுக்கு வேண்டியதன்று. பயனின்றி மண்ணையும் நீரையும் வருத்துவதைச் சமந்தபத்திர ஆசாரியர் அனர்த்த தண்டத்துள் பிரமாத சரியையாக வைத்தார். மிகை உரம் இதன்பாற்படும் என்பது நம் கருத்து.

பயிர் கேட்கும்போது மட்டும் கொடுக்க எளிய கருவி ஒன்றுண்டு. இலை வண்ண அட்டை என்பது அதன் பெயர். நடவு செய்த 14 நாட்களுக்குப் பின், வாரம் ஒருமுறை, காலை வேளையில், நம் நிழலில் வைத்து, முழுதும் விரிந்த இளைய இலைகள் பத்தினை அட்டையோடு ஒப்பிடல் வேண்டும். ஆறு இலைகளேனும் குறித்த நிறத்தினும் வெளிறியிருந்தால் மேலுரம் இடலாம், இல்லையேல் வேண்டுவதில்லை. வெள்ளைப் பொன்னிக்கு மூன்றாம் நிறமும் பிற இரகங்களுக்கு நான்காம் நிறமும் அளவாகும். யூரியா, ஜிப்சம், வேப்பம் புண்ணாக்கு ஆகியவற்றை 5:4:1 என்னும் விகிதத்தில் கலந்து ஒருநாள் வைத்திருந்து இடுவது, நைட்ரேட்டாக மாறும் வேகத்தைத் தணிக்கும். சம்பாப் பட்டத்தின் மேலுரம் ஐப்பசி அடைமழையில் வந்து விழுவதுண்டு. வானம் வெளிவாங்கும் வரை பொறுத்தல் நன்று. உரமிட்டபின் மடை திறந்து நீரை வடித்தலும் கூடாது. நிலக்கடலையோ தன் வேர்முடிச்சுகளிலேயே தழைச்சத்தை ஈட்டிக்கொள்வது. அதற்கு யூரியாவை வாரியிறைத்தல் வீண்.

தக்கைப்பூண்டை மடக்கி உழுவது தாவர உயிர்க்குக் கேடன்றோ என்று சிலர் வினவக்கூடும். கேடுதான், எனினும் களையெடுப்பும் அறுவடையும் இன்றி உழவு இல்லை. ஏரியின் உயிர்களை நோக்க இதனைச் சிறிய கேடென்றே கொள்கிறோம். மற்றொன்று: சாணம் இயற்கை உரம், அதனால் தீங்கில்லை என்பதும் தவறு. கிணற்றருகே குவித்த எருக்குப்பையிலிருந்து மழைக்காலத்தில் இறங்குவதும் அதே நைட்ரேட்தான். எருக்குழியைக் கிணற்றிலிருந்து தொலைவில் அமைத்துக் கூரையிடல் வேண்டும்.

மழைக்கு முன்னும் பின்னுமாக ஆண்டுக்கு இருமுறை கிணற்று நீரைச் சோதித்தல் தக்கது. தூய புட்டியை அந்நீராலேயே மும்முறை அலசி, நிரப்பி மூடி, நாளும் கிணற்றின் அடையாளமும் எழுதி ஆய்வகத்தில் அன்றே சேர்ப்பித்து, நைட்ரேட் எவ்வளவு என்று கேட்டுப் பெறலாம். 45க்கு மேல் இருந்தால் அந்நீரில் கைக்குழந்தைக்குப் பால் கரைத்தல் ஆகாது.