இருட்டில் பூச்சி பிடிக்கும் வௌவால்: விவசாயிக்கு அதனால் என்ன லாபம்?

வட சென்னையில் கொடுங்கையூரைச் சுற்றி முன்பு வயலாக இருந்த இடங்களில் இன்று வீடுகளும் பட்டறைகளும் எழும்பிவிட்டன. மாநகராட்சிக் குப்பைமேட்டின் மேல் பகல் முழுவதும் பருந்துகள் வட்டமிடுகின்றன. பொழுது சாய்ந்து பருந்துகள் அடங்கியதும், தெருவிளக்குகளைச் சுற்றிச் சிறிய வௌவால்கள் பறக்கத் தொடங்குகின்றன. விளக்கை மொய்க்கும் பூச்சிகளே அவற்றுக்கு இரை. ஆனால் அவற்றைக் கண்டதும் கதவைச் சாத்துகிறவர்களே அதிகம். வௌவால் வீட்டுக்குள் நுழைந்தால் ஆகாது என்ற எண்ணம் பட்டணத்திலும் போகவில்லை. 2018-ல் கோழிக்கோடு மாவட்டத்தில் நிபா காய்ச்சல் கண்ட பிறகு பயம் இன்னும் கூடியது. கிராமங்களில் பாழுங்கிணற்றில் புகை போடுவதும், வௌவால் தங்கும் மரத்தை வெட்டுவதும் நடக்கின்றன. இதில் நஷ்டம் பக்கத்து வயல்காரருக்குத்தான்.

வௌவாலுக்குக் கண் தெரியாது என்பது தவறு. கண் உண்டு, ஆனால் பூச்சி தின்னும் வகைகள் இரவில் நம்புவது காதை. இத்தாலிய விஞ்ஞானி ஸ்பல்லன்சானி 1790-களில் கண் இழந்த வௌவால்களும் தடுமாறாமல் பறப்பதைக் கண்டார். காதை அடைத்தால்தான் அவை முட்டி மோதின. காரணம் 1938-க்குப் பிறகே விளங்கியது. மனிதக் காதுக்கு எட்டாத கீச்சொலியை வௌவால் எழுப்பி, அது பொருள்களில் பட்டுத் திரும்பும் எதிரொலியைக் கேட்டு வழியும் இரையும் அறிகிறது என்று அமெரிக்காவில் கிரிஃபின் என்பவர் கருவி கொண்டு காட்டினார்.

இந்த ஆராய்ச்சியில் மதுரைக்குத் தனி இடம் உண்டு. சென்னையில் ஆராய்ச்சி மாணவராக இருந்தபோது, கடற்கரை மணலில் புதையும் ஒருவகைச் சிறு நண்டு கடலின் ஏற்ற வற்றத்துக்கு ஏற்ப இயங்குவதை ஆராய்ந்து 1965-ல் கட்டுரை வெளியிட்டவர் எம்.கே. சந்திரசேகரன். பின்னர் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் அவரும் ஜி. மாரிமுத்துவும் பிற ஆய்வாளர்களும் வௌவாலைக் கையில் எடுத்தார்கள். பல்கலைக்கழகத்துக்கு அருகே சமணர் மலைப் பகுதியில் உள்ள குகையே அவர்களுக்குச் சோதனைக்கூடம் ஆயிற்று.

குகையின் உட்புறத்தில் பகலும் இரவும் ஒன்றுதான். அங்கே கூண்டில் அடைத்த வௌவாலுக்குப் பொழுது எப்படித் தெரியும்? கூட்டம் மாலையில் வெளியே பறந்து விடியலில் திரும்பும் சந்தடியைக் கொண்டே அது தன் நேரத்தைச் சரிசெய்து கொள்கிறது என்று 1981-ல் அவர்கள் எழுதினார்கள். கூட்டம் இல்லாத குகையில் அடைத்தபோது அதன் கணக்கு நாளுக்கு நாள் நழுவியது. கூட்டத்தைக் கலைத்தால் இருப்பிடம் மட்டும் போவதில்லை, அதன் கடிகாரமும் போகிறது.

ஜெர்மானிய விஞ்ஞானி நாய்வைலரின் குழுவினர் மதுரையில் வௌவால்களின் வேட்டை இடங்களையும் பார்த்தார்கள். மரத்துக்கு மேல் உயரத்தில் பறக்கும் வகைகள், தொலைவு எட்டும் தணிந்த ஒலியில் கூவுகின்றன. இலைக்கு அருகே சுற்றும் வகைகளின் ஒலி மிகக் கூர்மை. விநாடிக்கு 1,25,000 அதிர்வுக்கும் மேல். மனிதன் கேட்பது 20,000 வரையே. ஒரே ஊரில் பல வகைகள் வானத்தைப் பாத்தி பிரித்துக்கொண்டு பூச்சி பிடிக்கின்றன என்றால் மிகையாகாது.

பெரிய காதுள்ள ஒரு வகை தவளை, எலி, பெரிய வண்டுகளைத் தரையிலிருந்து கவ்வும். மாரிமுத்துவும் நாய்வைலரும் 1987-ல் வெளியிட்ட சோதனையில், அசையாத தவளையை அது சட்டை செய்யவில்லை, துள்ளியதும் பாய்ந்தது. ஓசை எழாதபடி ஈரக் கண்ணாடியின் மேல் தவளையை இழுத்தபோது திரும்பிப் பார்க்கவில்லை. அதாவது, தரையிலுள்ள இரையை அது அறிந்தது எதிரொலியால் அல்ல, சலசலப்பால்!

விவசாயிக்கு வருவோம். பூச்சி தின்னும் சிறிய வௌவால் ஓர் இரவில் தன் எடையில் ஏறத்தாழப் பாதி வரை தின்னக்கூடும். தாய்லாந்தில் ஒரே வகை வௌவால் வெண்முதுகுத் தத்துப்பூச்சியைத் தின்பதால் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,900 டன் நெல் காப்பாற்றப்படுகிறது என்று 2014-ல் கணக்கிட்டார்கள். ஸ்பெயினின் எப்ரோ கழிமுகத்தில் நெல் வயல்களில் மரப்பெட்டிகள் வைத்து வௌவால் குடியேறிய பிறகு, தண்டுத் துளைப்பானின் தாக்குதல் குறைந்ததாக 2015-ல் ஓர் ஆய்வு வந்தது. ஆனால் வௌவால் தீய பூச்சி, நன்மை செய்யும் பூச்சி என்று பார்ப்பதில்லை. அது மருந்துக்கு முழு மாற்றும் அல்ல. செலவில்லாத துணை, அவ்வளவே.

பழந்தின்னிகளின் சங்கதி வேறு. கொய்யா, மா, சப்போட்டாவில் அவை நஷ்டம் விளைவிப்பது உண்மை. அவையே இலுப்பை விதையைப் பரப்பி, இலவ மரப் பூவில் மகரந்தச் சேர்க்கைக்கும் உதவுகின்றன. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தில் பழந்தின்னிகள் தீங்குயிர்ப் பட்டியலில் இருந்தன. 2022-ல் சட்டம் திருத்தப்பட்டபோது அந்தப் பட்டியலே நீக்கப்பட்டது. பழத்தைக் காக்கப் பழுக்குமுன் துணிப்பை அல்லது காகித உறை கட்டுவது நல்லது. மெல்லிய நைலான் வலையில் வௌவால் சிக்கிச் சாகும்.

நிபா பயத்துக்குப் பரிகாரம் மரத்தை வெட்டுவதல்ல. வௌவால் கடித்த பழத்தை மனிதரும் உண்ணலாகாது, மாட்டுக்கும் போடலாகாது. பதநீர்க் கலயத்தின் வாயை மூடிக் கட்ட வேண்டும். தரையில் விழுந்த வௌவாலை வெறுங்கையால் தொடக் கூடாது. தேங்கிய எச்சத்தை எருவுக்கு அள்ளுபவர்கள் மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொண்டு, தூசி பறக்காதபடி நீர் தெளித்து அள்ள வேண்டும்.

பழைய கிணற்றுச் சுவர்ப் பொந்துகளைச் சிமென்ட் வைத்து அடைக்குமுன், உள்ளே வௌவால் இருக்கிறதா என்று மாலையில் ஒருமுறை நின்று பார்ப்பது நல்லது. பெரும்பாலான வகைகள் ஓர் ஈற்றில் ஒரே குட்டிதான் போடும். எலியைப் போல் பெருகுவதில்லை. ஒரு கூட்டம் அழிந்தால் மீண்டும் சேரப் பல ஆண்டுகள் ஆகும். தமிழகத்தில் சில ஊர்களில் வௌவால் மரத்துக்காகவே தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை.