விளையாட்டுக் கணிப்பொறிகளில் காட்சி வேகம் அடிக்கடி குறைதல்: காரணங்களும் அவற்றைக் கண்டறியும் முறையும்

கணிப்பொறியில் ஆடப்படும் விளையாட்டுக்கள் இன்று பெருநகரங்களில் மட்டுமன்றிச் சிற்றூர்களிலும் பரவியுள்ளன. இவற்றிற்கெனத் தனியாக அமைக்கப்படும் கேமிங் கணிப்பொறி விலை மிகுந்த சாதனமாகும். நடுத்தரக் குடும்பங்கள் பல மாதச் சேமிப்பைக் கொண்டே இதனை வாங்குகின்றன. அத்தகைய யந்திரம் சில காலம் செவ்வனே இயங்கிப் பின்னர் இடையிடையே காட்சி தடைப்படத் தொடங்கினால், உடையவர் முதலில் எண்ணுவது கிராபிக்ஸ் கார்டை மாற்றுவதையே. பெங்களூரு எஸ்.பி. ரோடு கடைகளில் புதிய கார்டு எளிதில் கிடைக்கும். ஆனால் கோளாறு வேறிடத்தில் இருப்பின், பணம் செலவான பின்னரும் குறை அப்படியே நிற்கும். எனவே காரணத்தை முறையாக ஆராய்ந்த பின்னரே பரிகாரம் தேடுதல் வேண்டும். அம்முறை இங்கு விளக்கப்படுகிறது.

1. காட்சி வேகம் என்பது யாது?

திரைப்படத்தைப் போலவே கணிப்பொறி விளையாட்டும் தனித்தனிப் படங்களின் தொடர்ச்சியே. திரைப்படத்தில் ஒரு நொடிக்கு 24 படங்கள் காட்டப்படுகின்றன. அவை முன்னரே எடுக்கப்பட்டவை. விளையாட்டிலோ ஒவ்வொரு படமும் அவ்வப்போது கணக்கிட்டு வரையப்படுகிறது. ஒரு நொடியில் வரையப்படும் படங்களின் எண்ணிக்கையே காட்சி வேகம். வழக்கில் இதனை எஃப்.பி.எஸ். என்பர்.

நொடிக்கு 60 படங்கள் வேண்டுமாயின், ஒரு படத்தை முடிக்கக் கிடைக்கும் காலம் ஏறத்தாழ 16.7 மில்லி நொடி. 144 படங்கள் வேண்டுமாயின் 6.9 மில்லி நொடியே கிடைக்கும். ஒரே ஒரு படம் மட்டும் 100 மில்லி நொடி எடுத்துக்கொண்டாலும் சராசரி பெரிதும் மாறுவதில்லை. கண்ணுக்கோ அது தடையாகத் தெரியும். ஆகவே சராசரியை மட்டும் நோக்குதல் போதாது. மிகவும் தாமதமான நூற்றில் ஒரு பங்குப் படங்களின் வேகத்தையும் சேர்த்துக் குறிக்க வேண்டும். எம்.எஸ்.ஐ. ஆஃப்டர்பர்னர் போன்ற இலவச மென்பொருள்கள் இவ்வளவுகளைத் திரையிலேயே காட்டும்.

இணைய வழி விளையாட்டுக்களில் மற்றொரு குழப்பமும் நேர்வதுண்டு. எதிராளியின் உருவம் துள்ளித் துள்ளி நகர்ந்தும், எஃப்.பி.எஸ். எண் குறையாதிருப்பின், குற்றம் இணையத் தொடர்பினுடையது, கணிப்பொறியினுடையதன்று.

2. குறைவு எப்பொழுது நேர்கிறது?

நோயாளியிடம் காய்ச்சல் எப்பொழுது ஏறுகிறது என்று மருத்துவர் வினவுவது போல, வேகம் எப்பொழுது குறைகிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும். காலமே சிறந்த தடயம்.

(அ) ஆட்டம் தொடங்கிப் பத்து முதல் முப்பது நிமிடங்கள் கழித்துக் குறைந்து, பின்னர் மீளாதிருப்பின், உஷ்ணத்தையே முதலில் ஐயுற வேண்டும்.

(ஆ) புதிய இடத்திற்குள் நுழையும்போதும், புதிய காட்சி முதன்முறை தோன்றும்போதும் தடைப்படின், சேமிப்புத் தட்டின் மந்தம், கிராபிக்ஸ் கார்டின் நினைவகம் நிரம்புதல், ஷேடர் எனப்படும் வரைநிரல்கள் அப்போதுதான் தயாரிக்கப்படுதல் ஆகியன காரணமாகலாம். மூன்றாவதான காரணத்தால் வரும் தடை, அதே இடத்தை மறுமுறை கடக்கும்போது பெரும்பாலும் தோன்றாது.

(இ) ஏறத்தாழச் சம இடைவெளிகளில் தடைப்படின், பின்னணியில் இயங்கும் வேறு நிரல் ஒன்று குறுக்கிடுகிறது எனலாம். வைரஸ் தடுப்பு நிரல், தானியங்கிப் புதுப்பிப்பு, திரைப் பதிவு நிரல் ஆகியன இத்தகையவை.

(ஈ) 60 இலிருந்து 30க்கு ஒரேயடியாக வீழ்ந்து மீண்டும் ஏறின், வி-சிங்க் அமைப்பைக் கவனிக்க வேண்டும். இது மானிட்டரின் துடிப்புக்குப் படங்களை இணைப்பது. சில விளையாட்டுக்களில், ஒரு படம் 16.7 மில்லி நொடியைச் சற்றே கடந்தாலும் அடுத்த துடிப்புவரை காத்திருக்க நேர்கிறது. எனவே வேகம் பாதியாகிறது.

(உ) எக்காலமும் குறைவாகவே இருப்பின், அமைப்பிலேயே பிழை உண்டு. மானிட்டர் கம்பியைக் கிராபிக்ஸ் கார்டில் செருகாமல் மதர்போர்டில் செருகியிருத்தல், ரேம் ஒன்றே பொருத்தப்பட்டிருத்தல், மடிக்கணிப்பொறியை மின்னிணைப்பின்றி பாட்டரியில் இயக்குதல் முதலியன இவ்வகையின.

3. உஷ்ணத்தின் பங்கு

பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் தாம் உட்கொள்ளும் மின்சக்தி அனைத்தையும் இறுதியில் வெப்பமாகவே வெளிவிடுகின்றன. இவ்வெப்பம் உலோகத் தகடுகளுக்குக் கடத்தப்பட்டு, விசிறியால் அறைக் காற்றுடன் கலக்கிறது. வெப்பநிலை வரம்பை எட்டியதும், தன்னைக் காத்துக்கொள்ளும் பொருட்டு யந்திரம் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. பல இன்டெல் பிராசஸர்களில் இவ்வரம்பு 100 டிகிரி செல்ஷியஸ், ஏ.எம்.டி.யின் ரைசன் 7000 வரிசையில் பெரும்பாலானவற்றிற்கு 95 டிகிரி. இது பழுதன்று, பாதுகாப்பு ஏற்பாடேயாகும். ஆட்டக்காரர் காண்பது அதன் விளைவை மட்டுமே.

விசிறியால் யந்திரத்தை அறைக் காற்றைவிடக் குளிர்விக்க இயலாது என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். அதே பளுவில், அறையின் வெப்பம் 10 டிகிரி உயர்ந்தால் பிராசஸரின் வெப்பமும் ஏறத்தாழ அவ்வளவே உயரும். பெங்களூரு இதமான தட்பவெப்பத்திற்குப் பெயர் பெற்றது. எனினும் 2016 ஏப்ரலில் அங்கு 39.2 டிகிரி பதிவாயிற்று. 2024 ஏப்ரலில் 38 டிகிரியைக் கடந்தது. மேலும் அந்நகர் கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 920 மீட்டர் உயரத்தில் உள்ளமையால், காற்றின் அடர்த்தி கடற்கரை ஊர்களைவிடச் சிறிது குறைவு. அதே விசிறி அதே வேகத்தில் சுழன்றாலும் அகற்றும் வெப்பமும் சற்றுக் குறையும்.

4. ஓர் எடுத்துக்காட்டு

பெங்களூரில் விவேக் நகர், நெருங்கிய வீடுகளும் மாடிக் குடியிருப்புக்களும் கொண்ட பகுதி. அங்கு ஒரு வீட்டின் மேல்மாடி அறையில், மேசையின் மூடிய தடுப்பினுள் கணிப்பொறி வைக்கப்பட்டுள்ளதாகக் கொள்வோம். டிசம்பரில் குறையில்லை. ஏப்ரலில் மாலைதோறும், ஆட்டம் தொடங்கி இருபது நிமிடங்களில் வேகம் 60 இலிருந்து 40க்கு இறங்குகிறது. உடையவர் புதிய கார்டு வாங்க எண்ணுகிறார்.

முதற்படியாக, விளையாட்டின் காட்சி நுணுக்க அளவை, அதாவது ரெசல்யூஷனைக் குறைத்துப் பார்க்க வேண்டும். வேகம் உடனே உயர்ந்தால் கிராபிக்ஸ் கார்டின் திறன் போதவில்லை என்பது பொருள். உயராவிடில் தடை பெரும்பாலும் பிராசஸரில் உள்ளது. நம் எடுத்துக்காட்டில் வேகம் உயரவில்லை. ஆகவே புதிய கார்டு பயன் தராது என்பது ஒரு காசும் செலவின்றித் தெளிவாகிறது.

இரண்டாம் படியாக, பிராசஸரின் வெப்பத்தையும் இயங்கு வேகத்தையும் அரை மணி நேரம் பதிவு செய்தல் வேண்டும். வெப்பம் 100 டிகிரியைத் தொட்ட அதே நிமிடத்தில் இயங்கு வேகம் சரிந்து, உடன் எஃப்.பி.எஸ்.ஸும் இறங்கினால், காரணம் உறுதிப்படுகிறது.

மூன்றாம் படியாக, பெட்டியைத் தடுப்பிலிருந்து வெளியே எடுத்து, பக்கத் தகட்டை அகற்றி, அதே ஆட்டத்தை அதே நேரம் நடத்த வேண்டும். வெப்பம் பெரிதும் தணிந்தால் காற்றோட்டமே குறை. தணியாவிடில், வெப்பத் தகடுகளிடையே தூசி அடைந்திருக்கலாம். அல்லது பிராசஸருக்கும் தகட்டிற்கும் இடையிலுள்ள தெர்மல் பேஸ்ட் உலர்ந்திருக்கலாம். தூசியை முதலில் அகற்றுக. பேஸ்டைப் பின்னரே மாற்றுக. எளியதும் செலவற்றதும் முதலில் செய்யத்தக்கவை.

கோடை மட்டும் கடக்க வேண்டுமாயின், விளையாட்டின் அமைப்பிலேயே உச்ச வேகத்தை 60 என வரையறுத்தலும் நன்று. வரம்பின்றி விடப்பட்ட யந்திரம், மானிட்டர் காட்ட இயலாத படங்களையும் வரைந்து வீணே வெப்பமடையும்.

5. யந்திரத்தில் குறையில்லாதபோது

எல்லாக் கோளாறும் தூசியாலும் உஷ்ணத்தாலும் விளைவன அல்ல. ரைசன் பிராசஸர் கொண்ட சில கணிப்பொறிகளில், எஃப்.டி.பி.எம். எனும் பாதுகாப்பு அமைப்பு மதர்போர்டிலுள்ள நினைவுச் சில்லுடன் தொடர்புகொள்ளும்போது, யந்திரம் முழுவதும் கணநேரம் தடைப்பட்டது. ஏ.எம்.டி. நிறுவனம் 2022 மார்ச்சில் இதனை ஒப்புக்கொண்டு, பயாஸ் புதுப்பிப்பின் வாயிலாகத் திருத்தம் அளித்தது. புதிய கிராபிக்ஸ் கார்டு வாங்கியிருப்பினும் இக்குறை நீங்கியிராது. ஆதலால் டிரைவர், பயாஸ் ஆகியவற்றின் பதிப்புக்களையும், குறை தொடங்கிய நாளையும் குறித்து வைத்தல் இன்றியமையாதது. ஒரு புதுப்பிப்புக்கு மறுநாளே குறை தோன்றியிருப்பின், முந்திய டிரைவரை மீண்டும் நிறுவிப் பார்க்கலாம்.

6. பாதுகாப்பு விதிகள்

பெட்டியைத் திறக்குமுன் மின்சாரத்தை நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். உள்ளுறுப்புக்களைத் தொடுமுன் பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டு, உடலிலுள்ள நிலைமின்னைப் போக்கிக்கொள்ளுதல் நலம். காற்றடித்துத் தூசி நீக்கும்போது விசிறி இறக்கைகள் சுழலாவண்ணம் பிடித்துக்கொள்க. பவர் சப்ளைப் பெட்டியை எக்காரணம் கொண்டும் பிரிக்கலாகாது. மின்னிணைப்பு நீங்கிய பின்னரும் அதனுள் அபாயகரமான மின்னேற்றம் தங்கியிருக்கக்கூடும்.

7. ஆசிரியர்களுக்கும் கள ஊழியர்களுக்கும்

மேற்கூறிய முறை விளையாட்டுக் கணிப்பொறிக்கு மட்டுமே உரியதன்று. பள்ளிப் பரிசோதனைக் கூடத்துக் கணிப்பொறி பிற்பகலில் மந்தமடைவதையும், அலுவலக யந்திரம் குறிப்பிட்ட நேரத்தில் தயங்குவதையும் இவ்வாறே ஆராயலாம். நேரம், அறை வெப்பம், பிராசஸர் வெப்பம், காட்சி வேகம், செய்த மாற்றம் என ஐந்து பத்திகள் கொண்ட அட்டவணை ஒன்றை மாணவரே தயாரித்து நிரப்பட்டும். ஒரு வேளையில் ஒரு மாற்றமே செய்தல் வேண்டும். இரண்டைச் சேர்த்துச் செய்தால் பயன் எதனால் விளைந்தது என்பது விளங்காது. மாற்றத்தை விலக்கியதும் குறை திரும்புகிறதா என்பதையும் சோதிக்க வேண்டும். திரும்பினால்தான் காரணம் மெய்ப்பிக்கப்பட்டதாகும்.

விளையாட்டில் ஆர்வமுள்ள மாணவர்களை இவ்வாராய்ச்சியில் ஈடுபடுத்துவது எளிது. வெப்பக் கடத்தல், சராசரியின் குறைபாடு, ஒரு நேரத்தில் ஒரு மாறி எனும் சோதனை விதி ஆகிய மூன்றையும் தம் மேசையின் மீதே அவர்கள் கற்பர். அவர்தம் பெற்றோரும் வேண்டாத செலவினின்று காக்கப்படுவர்.