அயலாரை அறியும் கல்வி

பள்ளிப் படிப்பை முடித்துக் கல்லூரி வாயிலை நோக்கி நிற்கும் நம்மிடம் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றே: "மேற்கொண்டு என்ன படிக்கப் போகிறாய்?" முதன்மைப் பாடத்தைப் பற்றி வீட்டில் பல நாள் பேச்சு நடக்கிறது. அதனோடு சேர்த்துப் படிக்கும் துணைப்பாடத்தைப் பற்றி எவரும் பெரிதாகக் கவலைப்படுவதில்லை. ஆயினும் நன்கு தேர்ந்தெடுத்த ஒரு துணைப்பாடம், உலகை நோக்கும் நம் பார்வையையே மாற்ற வல்லது. இதற்கு எடுத்துக்காட்டாக, அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் துணைப்பாடமாகப் படிக்கக்கூடிய தென்னாசியப் பண்பாட்டுக் கல்வியைச் சற்று ஆராய்வோம்.

அந்நாட்டில் நான்காண்டுப் பட்டம் பெறப் பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் ஏறத்தாழ 120 கிரெடிட்டுகள் தேவை. வாரம் மூன்று மணி நேரம் வீதம் ஒரு பருவம் முழுவதும் படிக்கும் பாடத்திற்குப் பொதுவாக 3 கிரெடிட்டுகள். முதன்மைப் பாடத்திற்குப் பத்து, பன்னிரண்டு பாடங்கள் வேண்டுமென்றால், 'மைனர்' எனப்படும் துணைப்பாடத்திற்கு ஐந்து அல்லது ஆறு போதும். உயிரியல் பயிலும் மாணவியும், பொறியியல் பயிலும் மாணவியும் இதனை மேற்கொள்ளலாம். அந்த ஐந்தாறு பாடங்களும் ஒரே துறையைச் சேர்ந்தவை அல்ல. வரலாறு, இலக்கியம், சமயம், மானிடவியல், இசை, அரசியல் எனப் பல துறைகளிலிருந்தும் ஒரு நிலப்பகுதியைப் பற்றியவற்றைத் தேர்ந்து படிக்க வேண்டும். பல இடங்களில் அப்பகுதியின் மொழி ஒன்றைக் கற்பதும் இதில் சேரும்.

இத்தகைய கல்வி அங்கு வளர்ந்ததற்குக் காரணம் அறிவு வேட்கை மட்டுமன்று. இரண்டாம் உலகப் போரில் தொலைதூர நாடுகளில் போரிட நேர்ந்தபோது, அந்நாட்டு மக்களின் மொழியும் வழக்கமும் அறிந்தவர் தம்மிடையே மிகச் சிலரே என்பதை அமெரிக்கர் உணர்ந்தனர். 1948இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் டபிள்யூ. நார்மன் பிரௌன் என்னும் வடமொழி அறிஞர் தென்னாசியாவுக்கெனத் தனித்துறை கண்டார். 1957 அக்டோபர் 4 அன்று சோவியத் நாடு ஸ்புட்னிக்கை விண்ணில் ஏவியது. திடுக்கிட்ட அமெரிக்க அரசு, மறு ஆண்டே தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டத்தை இயற்றி, பிறநாட்டு மொழிகளைக் கற்பிக்கவும் பணம் ஒதுக்கியது. நாம் அந்நாளில் வாங்கிய அமெரிக்கக் கோதுமைக்கும் இதில் பங்குண்டு! கோதுமைக்காக இந்தியா ரூபாயில் செலுத்திய தொகையின் ஒரு பகுதியைக் கொண்டு, 1962 முதல் தமிழ் உள்ளிட்ட நம் மொழி நூல்கள் வாங்கப்பட்டு அமெரிக்க நூலகங்களுக்குச் சென்றன.

பகைவனை அறியவும் பிற மொழியைக் கற்கலாம். அயலானை நேசிக்கவும் கற்கலாம். இரண்டிற்கும் படிக்கும் புத்தகம் ஒன்றாகவே இருக்கக்கூடும். எனவே எதற்காகக் கற்கிறோம், எப்படிக் கற்கிறோம் என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வது இன்றியமையாதது.

ரூத் பெனடிக்ட் என்னும் பெண்மணியின் பணி இங்கு நினைக்கத்தக்கது. மானிடவியல் அறிஞரான இவரிடம் 1944இல் ஜப்பானியரைப் பற்றி ஆராயும் பொறுப்பை அமெரிக்க அரசு அளித்தது. போர்க்காலமாதலால் அவர் ஜப்பானுக்குச் செல்ல இயலவில்லை. அமெரிக்காவில் வாழ்ந்த ஜப்பானியரிடம் பேசியும், நூல்களையும் திரைப்படங்களையும் ஆராய்ந்தும் எழுதினார். 1946இல் வெளிவந்த அவருடைய நூல் ஜப்பானிலேயே பெரிதும் படிக்கப்பட்டது. பகைவரையும் காரணத்தோடு வாழும் மனிதராகக் காண முயன்றது அதன் சிறப்பு. பலவகை மக்களைக் கொண்ட ஒரு நாட்டையே ஒரே வார்ப்பில் வார்த்துவிட்டது என்பது அதன் மீது சொல்லப்பட்ட குறை.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். அது சோற்றுக்குப் பொருந்தும்; மக்களுக்குப் பொருந்தாது. தென்னாசியா என்ற ஒரே சொல்லுக்குள் நேபாளத்து மலைவாழ் மக்களும், வங்க தேசத்து ஆற்றோர மீனவரும், இலங்கைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளரும் அடங்குகின்றனர். ஒருவரைக் கண்டு மற்றவரை அளக்க முடியுமா? தமிழ்நாட்டுப் பெண்கள் அனைவரும் இப்படித்தான் என்று எவரேனும் ஒரு வரியில் எழுதினால் நமக்கு மனம் நோகாதா?

இக்குறை நீங்கும் வழிகளுள் சிறந்தது மொழி கற்பதே. சிகாகோ பல்கலைக்கழகத்தில் 1962 முதல் பணியாற்றிய ஏ. கே. ராமானுஜன், குறுந்தொகைப் பாடல்களை ஆங்கிலத்தில் பெயர்த்து 1967இல் வெளியிட்டார். அங்கு இன்றும் தமிழ் கற்பிக்கப்படுகிறது. அவ்வகுப்பில் சேரும் மாணவி தொடக்கத்திலேயே ஒரு வியப்பைச் சந்திப்பாள். அத்தை, மாமி, சித்தி, பெரியம்மா ஆகிய நால்வருக்கும் அவள் மொழியில் ஒரே சொல்தான் உண்டு. நம் மொழியிலோ ஒவ்வொரு சொல்லும் உறவின் வழியையும் சொல்லிவிடுகிறது. ஒரு குடும்பத்தில் யாருக்கு என்ன உரிமை, என்ன கடமை என்பதற்கு அச்சொற்களே வாயில். ஆங்கிலத்தில் மட்டும் படிப்பவளுக்கு இவ்வாயில் எளிதில் திறக்காது.

நாமும் நாளை ஒரு நிலப்பகுதியின் பண்பாட்டைத் துணைப்பாடமாக எடுக்கலாம். அப்போது முதலில் அதன் பெயரையே ஆராய்வோம். 'மத்திய கிழக்கு' என்கிறோமே, அது யாருக்குக் கிழக்கு? ஐரோப்பாவில் நின்று பார்ப்பவருக்கு! நமக்கு அது மேற்கு; ஆகவேதான் நம் அரசு அதனை மேற்கு ஆசியா என்று வழங்குகிறது. அடுத்து, அப்பகுதியின் மொழி ஒன்றைச் சிறிதளவேனும் கற்போம். மூன்றாவதாக, வெளியார் எழுதிய நூல்களோடு, அம்மக்கள் தம்மைப் பற்றித் தாமே எழுதியவற்றையும் படிப்போம்.

ஐந்தாறு பாடங்களால் ஒரு மக்களினத்தை முழுதும் அறிந்துவிட முடியாது. "எனக்குத் தெரியும்" என்று அவசரப்பட்டுச் சொல்லாதிருக்கும் பணிவை அவை கற்பித்தாலே பெரும் பயன் விளைந்ததாகும்.

தோழியரே! தமிழில் 'நாங்கள்' என்றால் கேட்பவரை விலக்கிச் சொல்கிறோம்; 'நாம்' என்றால் அவரையும் சேர்த்துக்கொள்கிறோம். பிறர் நம்மை எவ்வாறு அறிய வேண்டுமென்று விரும்புகிறோமோ, அவ்வாறே நாமும் பிறரை அறிய முற்படுவோம். 'நாங்கள்' என்று தொடங்கும் நம் கல்வி, 'நாம்' என்று நிறைவு பெறட்டும்!