மெய்நிகர் ஆய்வக வடிவமைப்பில் செயற்சொற்கள்: அம்மையார்குப்பம் நெசவுச் சூழலை முன்வைத்து

முன்னுரை

கருவிகள் போதாத பள்ளிகளிலும் செய்முறைக் கல்வியைக் கொண்டுசேர்க்கும் வழியாக மெய்நிகர் ஆய்வகம் முன்வைக்கப்படுகிறது. அதன் வடிவமைப்பு கணினித் துறைக்கே உரியதாகக் கருதப்படுவதால், அதில் மொழிக்குள்ள பங்கு போதிய கவனம் பெறவில்லை. திருத்தணியை அடுத்த நெசவூரான அம்மையார்குப்பத்தின் தொழில்மொழியை முன்வைத்து அப்பங்கினை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இருவகை ஆய்வகங்கள்

மெய்நிகர் ஆய்வகங்களை இருவகைப்படுத்தலாம். ஒன்று, கணினித் திரையில் இயங்கும் பாவனை ஆய்வகம். 2009-இல் தொடங்கிய தேசியக் கல்வி இயக்கத்தின்கீழ், தில்லி இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் ஒருங்கிணைப்பில் உருவான மெய்நிகர் ஆய்வகத் திட்டம் இவ்வகையினது. அமிர்தா விசுவ வித்யாபீடமும் சி-டாக் நிறுவனமும் 9 முதல் 12 வரையிலான வகுப்புகளுக்கு உருவாக்கிய ‘ஓலேப்ஸ்’ தளமும் அத்தகையதே. மற்றொன்று, தலையில் அணியும் காட்சிக்கருவிவழி மாணவரை ஆய்வறைக்குள் நிற்பவராக உணரச் செய்வது. இதன் முன்னோடி 1968-இல் ஐவன் சதர்லேண்டு உருவாக்கிய கருவியாகும்.

கண்ணும் கையும்

இருவகையும் கண்ணுக்கும் செவிக்கும் விருந்தளிப்பன. கைக்கு அளிப்பது குறைவு. சுரமானிச் சோதனை இதற்குச் சான்றாகும். கம்பியின் நீளம் மாறாதிருக்க, இழுவிசையை நான்கு மடங்காக்கினால் அதிர்வெண் இரு மடங்காகும். இதனை மெய்நிகர் ஆய்வகம் செவ்வனே காட்டும். ஆயினும் கம்பி விறைப்பதை விரல் உணர்வதில்லை. வடிவமைப்பாளர் எழுதாதவரை மிகையான பளுவிலும் கம்பி அறுவதில்லை. இடமாறு தோற்றப் பிழையும் நேர்வதில்லை. தொடுவுணர்வுத் தொழில்நுட்பம் குறித்துச் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் ஆராய்ந்து வருகிறது. அது பள்ளிகளை எட்டும்வரை, கை அறிய வேண்டியதைச் சுட்டும் பொறுப்பு பெரிதும் மொழியைச் சார்ந்ததாகிறது.

கலைச்சொல்லும் செயற்சொல்லும்

மீச்சிற்றளவு, சுழிப்பிழை, இழுவிசை முதலிய கலைச்சொற்களைத் தமிழ்ப் பாடநூல்கள் நிலைபெறச் செய்துள்ளன. இவை பொருளையும் அளவையும் குறிப்பன. எவ்வளவு இறுக்குவது, எப்போது தளர்த்துவது எனக் கையை வழிநடத்தும் செயற்சொற்களோ பாடநூல்களில் அருகியே காணப்படுகின்றன. அவை தறியடியில் வழங்குகின்றன. பாவு நூல் தளர்ந்தால் ‘தொய்வு’. மிக இறுகினால் இழை அறும். ‘முறுக்கு’, ‘விறைப்பு’ என்பன நெசவாளர் குடும்பத்துப் பிள்ளைகள் வீட்டிலேயே கேட்டுப் பழகும் சொற்கள். ‘இழுவிசை’ என்னும் கலைச்சொல்லை இச்சொற்களோடு இணைத்துக் கூறும்போது, மாணவர் முன்பே கைவழி அறிந்தது கோட்பாட்டுக்குத் துணையாகிறது.

வடிவமைப்பு நெறிகள்

மேற்கண்டவற்றிலிருந்து நான்கு நெறிகளை வகுக்கலாம்.

1. பாடநூற் கலைச்சொல்லை மாற்றாது ஆளுதல். முதல் ஆட்சியில் வட்டாரச் செயற்சொல்லையும் உடன் தருதல்.
2. கம்பி அறுதல், அளவீடு பிறழ்தல் முதலிய பிழைகளுக்கு இடமளித்தல். பிழையின் காரணத்தைத் தமிழில் விளக்குதல்.
3. திருத்தணிப் பகுதி 1960 ஏப்ரல் 1 அன்று ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்தில் இணைந்தது. தமிழும் தெலுங்கும் வழங்கும் இத்தகைய எல்லையூர்களுக்கு இருமொழி ஒலிக்குறிப்பு அமைத்தல்.
4. மெய்நிகர்ச் சோதனைக்குப் பின், நூலும் எடையும் கொண்டு எளிய நேரடிச் சோதனையொன்றைச் செய்வித்தல்.

முடிவுரை

மெய்நிகர் ஆய்வகத்தை வேற்றுமொழியில் வடிவமைத்துப் பின்னர்த் தமிழாக்கினால் கலைச்சொற்கள் வந்துசேரும், செயற்சொற்கள் விடுபடும். ஆதலின் வடிவமைப்பின் தொடக்கத்திலேயே தமிழாய்வாளர் பங்கேற்றல் வேண்டும். நெசவு, தச்சு, மட்பாண்டம் முதலிய தொழில்களின் செயற்சொற்களைத் தொகுப்பது அதற்கான முதற்பணியாகும். தறிகள் குறையுந்தோறும் அச்சொற்களின் வழக்கும் குறையுமாதலின், இத்தொகுப்பு காலந்தாழ்த்தற்குரியதன்று.